கருவி வேண்டாமென்று சொல்லவில்லை, டிராம் எங்கே?

டிராம் நிறுத்தத்தில் கால் கடுக்க நிற்கும் நமக்கு ஒரு நல்ல சேதி சொல்கிறார்கள். வண்டிக்குள் ஒரு ஜி.பி.எஸ். பெட்டி இருந்தால் போதுமாம். செயற்கைக்கோள்களைக் கொண்டு அது தன் இடத்தைக் கணக்கிட்டு அனுப்பும். அடுத்த டிராம் எங்கே வருகிறதென்று நிறுத்தத்துப் பலகையிலும் கைப்பேசியிலும் தெரியும்.

ரயில்வேயில் பேனா பிடிக்கும் நமக்கு இது புதிதல்ல. இஸ்ரோவின் உதவியோடு எஞ்சின்களில் வைத்த கருவி 30 வினாடிக்கு ஒரு முறை வண்டியின் இடத்தைச் சொல்கிறது. வண்டி ஏன் நிற்கிறதென்று மட்டும் சொல்வதில்லை. அதற்குக் கவுண்டரில் திட்டு வாங்க நாம் இருக்கிறோம்!

மெல்போர்ன் நகரில் ஒவ்வொரு டிராம் நிறுத்தத்துக்கும் ஓர் எண் உண்டு. எண்ணைத் தட்டினால் அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் என்று தெரியும். அங்கே சுமார் 250 கிலோமீட்டர் தடத்தில் டிராம் ஓடுகிறது. காட்டுவதற்கு வண்டி இருக்கிறது. நம் கல்கத்தாவில்? 1873-ல் குதிரை இழுத்து, 1902-ல் மின்சாரத்துக்கு மாறிய டிராமின் தடங்களை இன்று விரல் விட்டு எண்ணிவிடலாம். 2024 செப்டம்பரில் மாநிலப் போக்குவரத்து அமைச்சர், மைதானம் - எஸ்பிளனேடு உல்லாசத் தடம் தவிர மற்றவற்றை நிறுத்தப் போவதாகவே அறிவித்தார். நெரிசலுக்கு டிராம்தான் காரணமாம். ஒற்றை ஆளை ஏற்றிக்கொண்டு தண்டவாளத்தின் மேல் நிற்கும் கார் காரணமில்லையாம்! சென்னையில் 1953-லும் பம்பாயில் 1964-லும் டிராம் போயிற்று. அங்கே நெரிசல் தீர்ந்துவிட்டதா?

இன்னொரு கேள்வியும் உண்டு. கருவி யாரைக் கண்காணிக்கும்? நாகபுரியிலும் சண்டிகரிலும் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் ஜி.பி.எஸ். கடிகாரத்தைக் கட்டினார்கள். சண்டிகர்த் தொழிலாளர்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். கடிகாரம் கட்டியது துடைப்பம் பிடித்த கையில்தான்.  லண்டன் பாதாள ரயில் நிலையங்களில் 2019 ஜூலை முதல் வைஃபை வழியே பயணிகளின் கைப்பேசி நடமாட்டத்தையே சேகரிக்கத் தொடங்கினார்கள். ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றிவிடுகிறோம் என்றார்கள். வண்டியை எண்ண வந்த கருவி ஆளை எண்ணத் தொடங்க அதிக நாளாகாது.

ஆகவே நாம் கேட்பது இது. முதலில் தடங்களைத் திறந்து டிராமை ஓட்டு. பிறகு கருவியை வை. எந்தத் தடத்தில் எத்தனை வண்டி ஓடவில்லை என்ற கணக்கை மாதாமாதம் மக்கள் பார்க்க நிறுத்தத்திலேயே ஒட்டு. டிரைவர், கண்டக்டர் சம்பளத்தில் கைவைக்க அந்தக் கணக்கைப் பயன்படுத்தாதே. பயணியின் கைப்பேசியைத் தொடாதே.

நடக்குமா என்று சிலர் சிரிக்கலாம். 1953 ஜூலையில் இரண்டாம் வகுப்பு டிராம் கட்டணத்தில் ஒரே ஒரு பைசா ஏற்றியதற்கு இந்த நகரமே தெருவில் இறங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனியின் அந்த உயர்வு நின்றுபோனது.

தாய்மார்களே, தோழர்களே, இந்த மாதம் முழுவதும் நீங்கள் நிறுத்தத்தில் காத்திருந்த நேரத்தைக் காலண்டர் தாளின் பின்புறம் குறித்து வையுங்கள். நாள், நிறுத்தம், வண்டி வந்த மணி, அவ்வளவுதான். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். தாள்களைச் சங்கத்தில் சேர்ப்பியுங்கள். மனுவோடு இணைத்துக் கொடுப்போம்.