எல்லாரும் வந்தா தான் ஆட்டமா?

"இந்த வாரம் யாரு யாரு ஃப்ரீ?"

மக்களே, இந்தக் கேள்விய இனிமே எங்க ஆட்டக் குழுவுல யாரும் கேக்கக் கூடாதுன்னு கொடி பிடிக்கிறேன்.

ஆட்டம்னா டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். தெரியாதவங்களுக்கு: ஒருத்தர் கதைய நடத்துவார் (எங்க குழுவுல அடியேன்), மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா மாறிப் பேசுவாங்க, சண்டை வந்தா இருபது பக்கப் பகடைய உருட்டுவாங்க. உக்காந்தா மூணு மணி நேரம் காலி. நாங்க ஆறு பேர். மூணு சென்னை, ரெண்டு நியூ ஜெர்சி, ஒண்ணு லண்டன். எல்லாருக்கும் வயசு நாப்பத நெருங்குது. ஆபீஸ், அப்பாவோட ஷுகர், புள்ளைங்க பரிட்சை... ஆறு பேரும் ஒண்ணா ஃப்ரீயா இருக்குற நாள் எந்தப் பஞ்சாங்கத்துலயும் இல்ல சாமி!

வாராவாரம் வாட்ஸப்புல வாக்கெடுப்பு நடக்கும். அஞ்சு பேர் சரின்னுவாங்க, ஒருத்தருக்கு முடியாது. உடனே "அப்ப அடுத்த வாரம் பாத்துக்கலாம்". இதுக்குப் பேரு ஒத்துமையாம். என்னைக் கேட்டா இது அராஜகம். பாருங்க, எங்க குழுத் தோழி ஒருத்தங்களுக்கு ரெண்டு வயசுக் கொழந்தை. அது தூங்குனா தான் அவங்க வர முடியும். ரெண்டு தடவ அவங்களால ஆட்டம் நின்னுச்சு. மூணாவது தடவ "நான் வெலகிக்கிறேன், நீங்களாவது ஆடுங்க"ன்னுட்டாங்க. எல்லாரும் வேணும்னு போட்ட விதி, யாருக்கு நேரம் கம்மியோ அவங்களயே வெளிய தள்ளுது.

தெரு கிரிக்கெட்ல பதினோரு பேர் சேரட்டும்னு என்னிக்காவது காத்திருந்தோமா? ஆள் கொறஞ்சா ஒருத்தன் ரெண்டு டீமுக்கும் பேட்டிங், லெக் சைடு அடிச்சா ரன் கிடையாது, முடிஞ்சுது. அந்தப் புத்தி இப்ப எங்க போச்சு?

"பாதிச் சண்டைல ஆள் காணாமப் போனா கதை கெட்டுடாதா?"ம்பீங்க. 1974-ல வந்த முதல் பதிப்பையே எடுத்துப் பாருங்க. ஒரு தொடர் ஆட்டத்துக்கு நாலுலேருந்து அம்பது பேர் வரைக்கும்னு போட்டிருக்கு. அம்பது பேரும் தெனம் ஒரே மேசையில உக்காரவா? வர்றவங்க வருவாங்க, அவ்ளோ தான். பென் ராபின்ஸ்னு ஒருத்தர் வெஸ்ட் மார்ச்சஸ்னு ஒரு ஆட்டம் நடத்தி, அதப் பத்தி 2007-ல எழுதுனார். அதுல நிரந்தரக் குழுவே கிடையாது. ஆடுறவங்களே கூடி நாள் குறிக்கணும், ஒவ்வொரு ஆட்டமும் முடியுறப்ப ஊருக்குத் திரும்பிடணும். அடுத்த வாட்டி யார் வந்தாலும் ஊர்லேருந்து கெளம்பலாம். கதை எங்க கெடுது?

அதனால என் கட்சி இது தான். சனிக்கிழமை ராத்திரி எட்டரை, இந்திய நேரம். இந்தியக் கடிகாரம் மட்டும் தான் நகராம இருக்கு. மார்ச்சுல அமெரிக்கா ரெண்டாவது ஞாயிறு மாத்தும், பிரிட்டன் கடைசி ஞாயிறு மாத்தும், நடுவுல யாருக்கு எத்தன மணின்னு குழம்பியே ஒரு ஆட்டம் போகும். மூணு பேர் வந்தா ஆட்டம் உண்டு. வராதவங்க பாத்திரம் சத்திரத்துல தூங்கும், சாகாது. நான் வரலன்னா வேற யாராவது ஒரு குட்டிக் கதை நடத்தட்டும், ஒண்ணும் குடி முழுகாது.

லண்டன்காரர் மட்டும் இன்னும் மொறைச்சிக்கிட்டு இருக்கார், தான் இல்லாத அன்னிக்கு டிராகன் வந்துடுமாம். வரட்டுமே சார்!

தோழிகிட்டயும் சொல்லியாச்சு. கொழந்தை தூங்குனா ஒம்பதரைக்கு வாங்க, தூங்கலன்னா அடுத்த சனி.