நட்டுக்கும் உண்டு ஆழாக்கு!

அரிசிக்குத் தண்ணீரை அளந்து விடுகிறோம். கைக்குழந்தைக்கு மருந்தைச் சொட்டுக் கணக்கில் கொடுக்கிறோம். ஆனால் அந்தக் குழந்தையை உட்கார வைத்துக் கூட்டிப் போகிற மோட்டார் சைக்கிளின் சக்கர நட்டை மட்டும், "கைப்பழக்கத்திலேயே தெரியும்" என்று முறுக்கி விடுகிறார்கள் வீட்டு ஆண்கள். 'இதெல்லாம் நமக்கு எதற்கு?' என்கிறீர்களா? பின் ஸீட்டில் உட்காருவது நாம்தானே, சகோதரிகளே!

நட்டு தளர்ந்தால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். அதிகம் முறுக்கினாலும் கெடுதல்தான். எஞ்சின் அடியில் ஆயில் வடிக்கிற போல்ட் இரும்பு. அது போய் உட்காருகிற இடமோ அநேகமாக அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். எங்கள் வண்டியை சர்வீஸுக்கு விட்ட ஓர் இடத்தில் இப்படித்தான் ஆயிற்று. வாசலெல்லாம் சொட்டுச் சொட்டாக ஆயில். தண்டச் செலவு வேறு.

"இனிமே ஆயிலை நானே மாத்திடறேம்மா. ஒரு டார்க் ரெஞ்ச் மட்டும் வாங்கிக் கொடு" என்றான் பெரியவன். பணம் என்றதும் நான் சும்மா இருப்பேனா? நாலு இடத்தில் விசாரித்தேன்.

டார்க் ரெஞ்ச் என்பது, எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து சொல்லும் நீளப் பிடி ஸ்பானர். அளவுக்குப் பெயர் நியூட்டன் மீட்டர். 1 மீட்டர் கம்பின் நுனியில் 1 கிலோவைத் தொங்க விட்டால் வரும் முறுக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர்.

இதில் மூன்று வகை. முள் காட்டுவது விலை குறைவு. உள்ளே ஸ்பிரிங் கிடையாது, கெட்டுப் போவதும் அபூர்வம். முள்ளை நேராகப் பார்க்க வேண்டும் என்பதுதான் சிரமம். இரண்டாவது, அளவை முன்கூட்டி வைத்தால் 'டிக்' என்று சத்தம் கொடுப்பது. குனிந்து பார்க்க முடியாத இடத்துக்கு இது வசதி. மூன்றாவது பாட்டரியில் எண் காட்டுவது. வருஷத்துக்கு நாலைந்து தடவை வேலை செய்கிற வீட்டுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

கடைக்குப் போகும் முன், வண்டிக்கான சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்து, செய்யப் போகிற வேலைகளின் அளவுகளைக் குறித்துக் கொள்ளுங்கள். சின்ன வண்டிகளில் ஆயில் போல்ட் 20–30, சக்கர நட்டு அதைப் போல் இரண்டு, மூன்று மடங்கு இருப்பது வழக்கம். நம் வேலைகள் ரெஞ்சின் அளவுகோலில் நடுவாக்கில் விழ வேண்டும். 100 வரை காட்டும் ரெஞ்சில் 20-க்குக் கீழே நம்பாதீர்கள். பெரிய தராசில் ஏலக்காய் நிறுப்பது போலத்தான்! இன்னொன்று: சில ரெஞ்சுகளில் அடி-பவுண்டு கணக்கும் இருக்கும். 24 நியூட்டன் மீட்டருக்குப் பதில் 24 அடி-பவுண்டு வைத்தால் முறுக்கு 32-க்கு மேல் போய்விடும்!

முள் வகையை வீட்டிலேயே சோதிக்கலாம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஏற்கெனவே இறுக்கமாக உள்ள சக்கர நட்டில் ரெஞ்சை முறுக்கும் பக்கமாக, படுக்கை வாட்டத்தில் மாட்டுங்கள். நட்டின் நடுவிலிருந்து பிடியின் நடு வரை 40 செ.மீ. என்றால், அங்கே 5 கிலோ அரிசிப் பையைத் தொங்க விடுங்கள். முள் 20-ஐ ஒட்டி நிற்க வேண்டும். ரெஞ்சின் சொந்த எடையால் சற்றுக் கூடுதலாகக் காட்டினால் பயமில்லை.

உபயோகிக்கும்போது பிடியின் நடுவைப் பிடித்து, நிதானமாக இழுக்க வேண்டும். 'டிக்' கேட்டதும் நிறுத்தி விட வேண்டும். இன்னும் ஒரு இழுப்பு கூடாது. புத்தகத்தில் சொன்னாலொழிய மரையில் எண்ணெய் தடவாதீர்கள். அளவு சரியாகக் காட்டினாலும் போல்ட் அதிகம் இறுகிவிடும். நட்டைக் கழற்ற இதை எடுக்காதீர்கள். அதற்குச் சாதாரண ஸ்பானர் போதும். வேலை முடிந்ததும் 'டிக்' வகையை அதன் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி, பெட்டியில் போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஒரு தடவை கீழே விழுந்தாலும் அளவு தப்பலாம்.

பிரேக் சம்பந்தப்பட்ட வேலையை மட்டும் பழகிய மெக்கானிக்கிடமே விடுங்கள். அங்கேயும், "அளவு வெச்சு முறுக்கினீங்களா?" என்று கேட்கத் தயங்காதீர்கள்!