சூடு என்று சொல்லி முடிக்காதீர்கள்

உதட்டில் கொப்புளம் வந்தாலும் கன்னத்தின் உட்புறம் புண் வந்தாலும் வட சென்னையில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை ஒரே தீர்ப்புதான்: உடம்புச் சூடு, மணத்தக்காளிக் கீரை சாப்பிடு, பி காம்ப்ளெக்ஸ் போடு. இதனால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று வாதிடுகிறவர்களுக்கு என் பதில்: கெடும்.

உதட்டு விளிம்பில் முதலில் சுறுசுறுவென்று எரிந்து, பிறகு கொத்தாக நீர்க்கொப்புளம் கட்டி, உடைந்து பொருக்குத் தட்டினால் அது ஹெர்ப்பிஸ் வைரஸ். ஒட்டும். அந்த வாயால் பச்சிளங்குழந்தையை முத்தமிட்டால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. கடல் வெயிலைத் தாங்கித் திரும்பும் மீனவருக்கு இது மறுபடி மறுபடி வரலாம். நரம்பில் உறங்கும் வைரஸை வெயில் எழுப்பிவிடும். சூடு என்போர் வாதத்தில் நான் ஒப்புக்கொள்வது அவ்வளவுதான்.

உதட்டின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ, சிவந்த வளையத்துக்குள் வெளிறிய மஞ்சள் குழியாக வருவது வேறு. ஒட்டாது. இரும்புச்சத்தோ பி12-ஓ குறைந்தாலும் வரும் என்பதால் மாத்திரைக்கு இங்கே சில சமயம் வேலை உண்டு. ஆனால் இதற்குத் தரும் ஸ்டீராய்டு பசையை வைரஸ் கொப்புளத்தில் தடவினால் தொற்று முற்றலாம்.

என் கோபமெல்லாம் மூன்றாவது புண்ணைப் பற்றியது. தமிழக அரசு குட்காவை 2013-லேயே தடை செய்தது. ஆனாலும் புகையிலை கலந்த மாவாவை அடக்கிய கன்னங்கள் இந்தப் பக்கம் இன்னும் உண்டு. அங்கே ஒரு புண், வலிக்காவிட்டாலும், மூன்று வாரமாக ஆறாமல் இருந்தால் அது புற்றுநோயாக இருக்கலாம்; கீரை கடைந்துகொண்டிருக்க நேரமில்லை. ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. அன்றே போய்க் காட்டுங்கள்.