தண்ணீர் எங்கே போகிறது?

டீஸல் லாரியின் ரேடியேட்டரில் தினந்தோறும் தண்ணீர் குறைவதும், டிரைவர் ஒரு குடம் ஊற்றிவிட்டுப் புறப்படுவதும் சாலைகளில் சகஜமான காட்சி. இது சிக்கனமன்று, இஞ்சினுக்கே உலை வைக்கும் காரியம் என்போம். மூடிய சுற்றில் ஓடும் தண்ணீர் காரணமின்றிக் குறையாது.

இஞ்சின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் தொடவேண்டும். இல்லையேல் கொதிநீர் முகத்தில் பாயும். குழாய் மூட்டுகளிலும் பம்பின் அடியிலும் காய்ந்த கறை வெளிக்கசிவைக் காட்டிக் கொடுக்கும். கறை காணாவிடில், மெக்கானிக்கைக் கொண்டு அழுத்தச் சோதனை செய்விப்பது உத்தமம். வெளியே ஈரமின்றி முள் மட்டும் இறங்கினால் வியாதி உள்ளே இருக்கிறது. எண்ணெய் பால் விட்ட காப்பிபோல் தோன்றினால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டரில் ஓயாது குமிழி எழுந்தால் ஹெட் காஸ்கெட்டையே முதலில் சந்தேகிக்க வேண்டும். இஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிடில், தண்ணீர் புகைவழியே போகிறது. புதிய லாரிகளில் ஈ.ஜி.ஆர். கூலரின் வெடிப்பும் இதற்குக் காரணமாகலாம்.

இன்னொன்றும் உண்டு. வெறும் தண்ணீரையே ஊற்றிவந்தால் கூலண்டிலுள்ள காப்பு மருந்து நீர்த்துப் போகிறது. அப்பால், அதிரும் லைனரின் மேல் நுண்குமிழிகள் ஓயாது உடைந்து, இரும்பையே துளைத்துவிடும். கசிவை மறைக்க ஊற்றிய தண்ணீரே புதிய கசிவை உண்டாக்குகிறது!

கடன்பட்டு லாரி வாங்கியவருக்கு இஞ்சினே ஜீவனம். அவர் குடத்தைத் தேடுமுன் ஓட்டையைத் தேடுவாராக.