அந்த வகுப்புக்கு யார் படிப்பிக்கிறது?

சாதாரண தரப் பெறுபேறு வந்தால் எங்கட ஊரில் முதல் கேள்வி, “எத்தனை ஏ?” அடுத்தது குரலைத் தாழ்த்தி வரும்: “கணக்கு பாஸோ?” கணக்குக்கு டபிள்யூ என்றால் கதை அதோட முடிஞ்சுது. பிறகு அந்தப் பிள்ளையைக் கடையிலோ கராஜிலோதான் காணலாம்.

இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் 2017இல் 42 அரச பாடசாலைகளில் 13 வருட உத்தரவாதக் கல்வி தொடங்கியது. பெறுபேறு எப்படி இருந்தாலும் உயர்தரத்தில் தொழிற்பாடத்துறையில் சேரலாம். முதலில் பாடசாலையில் பொதுப் பாடங்கள். பிறகு தெரிவுசெய்த தொழிலில் பயிற்சி. முடிவில் தேசிய தொழிற் தகைமை 4ஆம் மட்டச் சான்றிதழுக்கு வழி. அதே பாடசாலை, அதே சீருடை. நல்ல திட்டம். அதில் எங்களுக்கு மறுபேச்சில்லை.

ஆனால் அந்த வகுப்பில் இருப்பது யார்? எங்களுக்குத் தெரிந்தவர்களில் பலர் ட்யூஷனுக்குக் காசில்லாதவர்கள். சிலர் விடிய எழும்பி வேலைக்குப் போய்விட்டுப் பள்ளிக்கு வருபவர்கள். வீட்டில் உயர்தரம் வரை வந்த முதல் ஆளே அவர்தான் என்பதும் உண்டு.

இவர்களுக்கு யார் படிப்பிக்கிறது? நாங்கள் பேசிய ஒரு தம்பி சொன்னான்: “வேற வகுப்பில பாடம் இல்லாத சேர் வருவார். இடாப்பு மார்க் பண்ணுவார், போயிடுவார்.” விஞ்ஞானப் பிரிவில் ஆசிரியர் இல்லையென்றால் பெற்றோர் வலயக் கல்வி அலுவலகம் வரை போவார்கள். இந்த வகுப்புக்காக ஒருத்தரும் போறதில்லை. பாடசாலை வாசலில் கட்டும் பதாகையில் மருத்துவபீடம் போனவரின் படம் வரும். மின்னிணைப்புப் பழகி வேலை எடுத்தவரின் படம் வராது.

“ஆசிரியர் தட்டுப்பாடு எல்லா இடமும்தானே?” என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தத் தட்டுப்பாட்டை ஏன் எப்பவும் ஒரே வகுப்பின் தலையில் கட்டுகிறோம்? தானே படிக்கக்கூடிய பிள்ளை ஆசிரியர் இல்லாமலும் எப்படியோ சமாளிக்கும். பதினொரு வருடம் “உனக்கு ஏலாது” என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, தன் பெயர் தெரிந்த ஓர் ஆசிரியர் ஒவ்வொரு நாளும் வகுப்புக்கு வரவேணும். அதுவும் நடக்கவில்லையென்றால், அந்தப் பிள்ளையை நாங்கள் இரண்டாம் தரமும் பெயிலாக்குகிறோம்.

பழைய மாணவர் சங்கங்கள் ஸ்மார்ட் போர்ட் வாங்கிக் குடுக்கின்றன, மதில் கட்டுகின்றன. நல்லது. அடுத்த கூட்டத்துக்குப் போனால் ஒரு கேள்வி கேளுங்கோ: தொழிற்பாட வகுப்பின் நேரசூசியில் எத்தனை பாடவேளைக்கு ஆசிரியரின் பெயர் இருக்கு?