புள்ளியை நீக்கச் சொல்லும் பிழைச்செய்தி

சென்ற மாதம் ஹைதராபாதில் ஒரு பயிற்சிப் பட்டறை. தமிழ்த் தரவுக் கோப்பொன்றைப் பைத்தான் நிரலால் திறக்க முயன்ற ஆய்வு மாணவருக்கு ஒரு பிழைச்செய்தி வந்தது: இன்ன இடத்திலுள்ள 141 என்னும் பைட்டைப் படிக்க இயலவில்லை. பயிற்றுநர் சொன்ன தீர்வு: “சிறப்புக் குறிகளை நீக்கிவிடுங்கள், இல்லையேல் பிழையைப் புறக்கணிக்கும்படி நிரலில் எழுதிவிடுங்கள்.” இந்த அறிவுரை ஆய்வுக்குக் கேடு என்பதே என் வாதம்.

அது ஆங்கிலத்திலிருந்து வந்த அறிவுரை. ஆங்கிலக் கோப்புகளில் இச்செய்தியை வரவழைப்பது பெரும்பாலும் வளைந்த மேற்கோள்குறி. மூடும் இரட்டை மேற்கோள்குறி யுடிஎஃப்-8 முறையில் 226, 128, 157 என்னும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. குறியாக்கத்தை நாம் குறிப்பிடாவிடில், பைத்தான் 3இன் பெரும்பாலான பதிப்புகள் இயங்குதளத்தின் குறியாக்கத்தையே எடுத்துக்கொள்ளும். ஆங்கில விண்டோஸில் அது வழக்கமாக விண்டோஸ்-1252. அந்த அட்டவணையில் 157க்கு எழுத்தே இல்லை, நிரல் நின்றுவிடுகிறது. வளைந்த குறியை நேராக்கினால் ஆங்கிலக் கட்டுரைக்குப் பெரிய சேதமில்லை.

தமிழுக்கோ? புள்ளியின் பைட்டுகள் 224, 175, 141. உகரக் குறியின் பைட்டுகள் 224, 175, 129. அவ்வட்டவணையில் 141க்கும் இடமில்லை, 129க்கும் இடமில்லை. பிழையைப் புறக்கணிக்கச் சொன்னால் இறுதிப் பைட்டு உதிர்ந்துவிடும். புள்ளியும் உகரமும் ஒன்றாகிவிடும். அப்படிச் சேமித்த கோப்பில் ‘கண்’ எது, ‘கணு’ எது என்பதைப் பைட்டுகளைக் கொண்டு மீட்க வழியில்லை. நான்காம் வேற்றுமை உருபை எண்ணப் புறப்பட்டவர் எதை எண்ணுவார்? தெலுங்குக்கும் இதே கதிதான். ஒருங்குறியில் இந்திய எழுத்துத் தொகுதிகள் இஸ்கி தரத்தைப் பின்பற்றி ஒரே வரிசையில் அமைந்தவை. ஆகவே தெலுங்கின் மெய்க்குறியும் 141இல் முடிகிறது, உகரக் குறியும் 129இல் முடிகிறது.

பிழைச்செய்தி பைட்டைச் சொல்கிறது, இடத்தைச் சொல்கிறது. எந்த அட்டவணையைக் கொண்டு படித்தது என்பதை மட்டும் சொல்லாமல் ‘சார்மேப்’ என்ற பொதுப்பெயரோடு நின்றுவிடுகிறது. குற்றவாளியை அறிவித்துவிட்டுச் சட்டப்பிரிவை மறைக்கும் தீர்ப்பு இது. ‘விண்டோஸ்-1252 எனக் கருதிப் படித்தேன், கோப்பு யுடிஎஃப்-8 ஆக இருக்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால், குறை கோப்பில் இல்லை, ஊகத்தில்தான் என்பது மாணவருக்கு விளங்கியிருக்கும்.

நிரலாளரே கவனித்திருக்க வேண்டும் என்பர் சிலர். உண்மைதான், திறக்கும்போதே யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டால் சிக்கல் தீர்ந்தது. ஆனால் அதை மாணவர் எங்கே அறிவார்? செய்தியும் சொல்லவில்லை, ஆசிரியரும் சொல்லவில்லை.

மொழியியல் துறையினருக்கு ஒரு வேண்டுகோள். தரவகத்தை எந்தக் குறியாக்கத்தில் படித்தீர்கள், பிழையைப் புறக்கணித்தீர்களா என்பதை ஆய்வேட்டின் முறையியல் இயலில் எழுதுங்கள். ஆங்கிலத்துக்கு அலங்காரமாக இருப்பது நமக்கு எழுத்து. அதை நீக்கிய பின் வரும் புள்ளிவிவரம் தமிழைப் பற்றியது அன்று.