கிரேடு பேப்பர் புராணம் போதும் சாமி!

"கிரேடு பேப்பர்ல போட்டாத்தான் பிரிண்ட். மல்டிகிரேடு எல்லாம் சோம்பேறிங்களுக்கு." டார்க்ரூம் பேச்சை எடுத்தாலே ஏதாவது ஒரு பெரிசு இதைச் சொல்லாம விடாது. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு மக்களே.

அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் சாஃப்ட், நார்மல், ஹார்டு என்று தனித்தனிப் பெட்டி இருந்தது வாஸ்தவம்தான். ஊட்டியில் 1967-ல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' பேப்பர் போட்டுக்கொண்டிருந்த காலம். நாள் முழுக்க பிரிண்ட் போட்டவங்களுக்குப் பெட்டி சீக்கிரம் காலியாகும். இன்றைக்கு அந்தத் தொழிற்சாலையே இல்லை. எல்லாம் வெளிநாட்டுப் பேப்பர், வெளிநாட்டு விலை. ஞாயித்துக்கிழமை நாலு பிரிண்ட் போடுற நான், திண்டுக்கல் வெயில்ல மூணு பெட்டியைக் கட்டிக் காக்கணுமா? சூட்டில் கிடந்த பேப்பரில் வெள்ளையெல்லாம் சாம்பலாகிடுமே!

தெரியாதவங்களுக்கு: மல்டிகிரேடு பேப்பர் நீல ஒளிக்கு ஒரு மாதிரி, பச்சை ஒளிக்கு வேறு மாதிரி வேலை செய்யும். மஞ்சள் ஃபில்டர் போட்டால் கான்ட்ராஸ்ட் குறையும், மெஜந்தா போட்டால் ஏறும். இல்ஃபோர்டு கம்பெனி 1940-லேயே விற்க ஆரம்பித்த சரக்கு இது. நேத்து முளைச்சது இல்லை.

நம்ம மலைக்கோட்டையை உச்சி வெயில்ல எடுத்துப் பாருங்க. பாறை இடுக்கு கறுப்பு, வானம் வெள்ளை. நான் பாறைக்கு 3-ம் நம்பர் ஃபில்டர் போடுவேன். பாறையை மறைச்சுக்கிட்டு வானத்துக்கு மட்டும் 0 போட்டுக் கூடுதல் ஒளி கொடுப்பேன். ஒரே தாளில் ரெண்டு கிரேடு. உங்க பேப்பர்ல வானத்துக்குக் கூடுதல் ஒளி கொடுக்கலாம், கிரேடை மாத்த முடியுமா?

பெரிசுங்க பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வோல்டேஜ் இறங்கினால் என்லார்ஜர் பல்பு மஞ்சளடிக்கும். மல்டிகிரேடில் வெளிச்சத்தோடு கான்ட்ராஸ்டும் சேர்ந்து இறங்கும். நம்ம ஊர்ல இது சின்ன விஷயம் இல்லை. ஆனா அதுக்கு வைத்தியம் ஒரு நல்ல ஸ்டெபிலைசர், மூணு பெட்டி பேப்பர் இல்லை.

"கிரேடு பேப்பர்தான் ஒழுங்கா நெகட்டிவ் எடுக்கக் கத்துக்கொடுக்கும்" என்பார்கள். எந்த நெகட்டிவ்வையும் முதலில் 2-ம் நம்பரில் போட்டுப் பாருங்க சார், அதன் லட்சணம் தன்னால தெரியும்.

ஆர்வமா கத்துக்க வர்ற பையன்கிட்ட, "முதல்ல மூணு பெட்டி வாங்கிட்டு வா"ன்னு சொன்னா, அவன் செல்போனே போதும்னு போயிடுவான். டார்க்ரூமே காலியான பிறகு எந்தப் பேப்பர் ஒசத்தின்னு யார்கிட்ட சண்டை போடுவீங்க?

மறுப்பு இருந்தா தாராளமா வாங்க. கையில ஒரு பிரிண்ட்டோட வாங்க :-)